மணத்தக்காளி புண்ணை ஆற்றும், கிருமியைக் கொல்லுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'அல்சருக்கு மணத்தக்காளி, மஞ்சள், அதிமதுரம்' என்று நாளிதழ்களின் மருத்துவக் குறிப்புகளில் அடிக்கடி வருகிறது. மூன்றும் நல்ல பொருள்கள்தான். ஆனால் பலருக்கு வயிற்றுப்புண் வருவது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவால். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் இதைக் காட்டி, 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாம் இன்னும் மிளகாயைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியால் தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொண்டு, இரைப்பையின் கோழைப் படலத்துக்குள் குடியேறிவிடும். ஆய்வகத் தட்டில் மஞ்சளும் பூண்டும் இதைக் கொல்வது உண்மை. தட்டில் கோழை கிடையாது, சாறும் மணிக்கணக்கில் கிருமி மேலேயே நிற்கும். வயிற்றிலோ, குடித்த கஷாயம் நீர்த்துப்போய்க் கொஞ்ச நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடும்.

2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமினை அமிலக் குறைப்பு மாத்திரையோடும் வேறு இரண்டு பொருள்களோடும் சேர்த்து ஒரு வாரம் 25 பேருக்குக் கொடுத்தார்கள். கிருமி ஒழிந்தது மூன்று பேருக்குத்தான். ஆனால் கிருமி போகாதவர்களுக்கும் எரிச்சலும் வலியும் குறைந்தன! ஆபத்து இங்கேதான். வலி விட்டதும் நோய் விட்டது என்று நினைத்துவிடுகிறோம். கிருமியோ உள்ளேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் கிருமி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1994-லேயே வகைப்படுத்திவிட்டது.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். அதிமதுரத்தில்தான் கவனம் வேண்டும். அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, இதய மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தொடக்கூடாது. மற்றவர்களும் மாதக்கணக்கில் குடிக்கக்கூடாது.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் உண்டு. அமிலக் குறைப்பு மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நாலு வாரமும் நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும்; இல்லையென்றால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரும். ரத்தப் பரிசோதனை போதாது, குணமான பின்னும் அது நெடுநாள் 'உண்டு' என்றே காட்டும்.

ஆன்டிபயாட்டிக்குகளும் அமிலக் குறைப்பு மாத்திரையும் சேர்ந்த சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். இடையில் வாய் கசக்கலாம், பிஸ்மத் என்ற மருந்தும் அதில் இருந்தால் மலம் கறுக்கும். அதில் பயந்து பாதியில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் பால், தயிர், மோர் எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தணிக்கப் பழைய சோறும் மோரும் அந்த இடைவெளிக்குப் பிறகு நல்லது. சிகிச்சை முடிந்து நாலு வாரமாவது கழித்து மறுபரிசோதனை கட்டாயம்.

தார் போலப் பிசுபிசுப்பான கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணமில்லாத மெலிவு, விழுங்கும்போது அடைப்பு இவற்றில் எது இருந்தாலும் கஷாயம் வைக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூலிகைக் குறிப்பு வெளியிட வேண்டாம் என்று கேட்கவில்லை. 'இரண்டு வாரத்துக்கு மேல் எரிச்சல் இருந்தால் கிருமிப் பரிசோதனை செய்யுங்கள்' என்ற ஒரு வரியை அந்தக் குறிப்பின் கீழேயே, அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர், மதுரை