ஸ்பின்னரை வாங்கி வை, பந்தைக் கொடுத்துப் பார்

ஏற்காடு

அன்புள்ள செல்விக்கு,

பெரியவள் கோரிமேடு காலேஜில் செமஸ்டர் எழுதுகிறாள் என்று படித்ததும், சுத்திப் போடச் சொன்னார் அம்மா. இங்கே காப்பிப் பழப் பறிப்பு மும்முரம். பத்து மணியானாலும் பனி விலகுவதில்லை.

உன் ஏழாம் வகுப்புக்கு வருகிறேன். விரலில் வைத்துச் சுற்றும் ஸ்பின்னர் பொம்மையைப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள், சும்மா உட்காராத மூன்று பையன்களுக்கு அது உதவுமா என்று கேட்டிருந்தாய். ஸ்பின்னரை யோசிக்காமல் வாங்கி வை, சாயங்காலம் திருப்பிக் கொடு. 2017இல் ஊரெல்லாம் சுற்றியபோது கவனம் கூடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பாட வீடியோ காட்டிச் சோதித்தார்கள். ஸ்பின்னர் சுற்றியவர்களுக்குத்தான் பாடம் குறைவாக நினைவில் நின்றது. அதை நல்லதென்று நினைத்தவர்களுக்கும் அதே கதி. உள்ளே பேரிங் இருக்கிறதே, ஒரு சுண்டுக்கு நிமிஷக்கணக்கில் ஓடும். விரலுக்கு வேலையில்லை, கண்தான் அதன் பின்னால் போகும். பக்கத்தில் இருப்பவன் கண்ணும்தான். லைட் எரிகிற ரகத்தில் பட்டன் பேட்டரி வேறு. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.

அதற்காக எல்லாரையும் கை கட்டி உட்கார வைக்காதே. புளோரிடாவில் 8 முதல் 12 வயதுப் பையன்களைச் சோதித்ததில், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் நிலை) உள்ளவர்கள் அதிகம் அசைந்தபோது நினைவுப் பயிற்சியை நன்றாகச் செய்தார்கள். மற்ற பையன்கள் அசைந்தபோது சொதப்பினார்கள். அது உடம்பு அசைவு, பொம்மை இல்லை. ஆனாலும் வகுப்பு முழுக்க ஒரே பொருளைக் கொடுப்பது வீண் என்பதற்கு அது போதும். நீ எழுதிய அந்த மூன்று பேருக்கு மட்டும் பிசைகிற பந்து செய்து கொடுத்துப் பார்.

பார்க்காமலே பிசையக்கூடியது, சத்தம் வராதது, ஒரு கைக்குள் அடங்குவது வேண்டும். பலூனுக்குள் அடைக்க, செவ்வாய்ப்பேட்டையில் சின்ன ரக ஜவ்வரிசி வாங்கு. அரிசி மாவு இந்த ஈரத்தில் கட்டி தட்டிவிடும். 12 இஞ்ச் பலூனை ஊதித் தளர்த்தி, புனல் வைத்து ஆறு டேபிள்ஸ்பூன் போடு. காற்றை முழுக்கப் பிதுக்கிவிட்டு முடிச்சுப் போடு. காற்று நின்றால் அழுத்தும்போது வெடிக்கும். இன்னொரு பலூனின் கழுத்தை வெட்டி, முடிச்சு உள்ளே மறையும்படி மாட்டு. ரப்பர் பிசுபிசுத்தால் உடனே தூக்கிப் போடு. ரப்பர் அலர்ஜி உள்ள பிள்ளைக்கும் குட்டி வகுப்புக்கும் வேண்டாம், கிழிந்த பலூன் தொண்டையில் சிக்கும்.

நீ கதை சொல்லும்போதும் பாடம் விளக்கும்போதும் மட்டும் பந்து கையில். எழுதும்போது பைக்குள். மேலே போட்டுப் பிடித்தால் அன்றைக்குப் பறிமுதல். காலாட்டுகிறவன் உதைத்துக்கொள்ள சைக்கிள் ட்யூபை நாற்காலியின் முன்கால்களுக்குக் குறுக்கே கட்டுவார்களே, அது தனி நாற்காலிக்குச் சரி. உங்கள் நீள பெஞ்சில் கட்டினால் வரிசையே ஆடும்.

உதவுகிறதா என்பதை அவர்களிடம் கேட்காதே, "ஆமா மிஸ்" என்றுதான் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பந்து கொடு, இரண்டு வாரம். அதே பாட வேளையில் பத்து நிமிஷம், அரை நிமிஷத்துக்கு ஒருமுறை பையனைப் பார். கவனித்தால் டிக், இல்லாவிட்டால் கோடு. நீ பாடம் நடத்திக்கொண்டே இதைச் செய்ய முடியாது, பி.எட். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணிடம் கொடு. பந்து இருந்த நாளில் டிக் கூடாத பையனிடமிருந்து பந்தை வாங்கிவிடு. தாளை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
மேரி