பானையை ஏற்றியதும் கூப்பிடு

பாளையங்கோட்டை
5.1.2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்கும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதிவிட்டேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். தாளை எடுத்து வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்.

வருகிற 15-ம் தேதி வியாழக்கிழமை பொங்கல். மியூனிக்கில் தனியாகப் பொங்கல் விடப்போவதாகவும், சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், உறுத்தல் ஒரு பக்கம். 26 வயசு வரைக்கும் உன்னை அடுப்படியில் நிற்க விட்டதில்லை நான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, காலேஜ், அப்புறம் வேலை என்று ஒவ்வொரு தைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. "நீ போய்ப் படிளா, நான் பாத்துக்கிடுதேன்" என்று உன்னை அனுப்பியது நான்தான். இப்போது நீ போனில் "அம்மா, அரிசியை எப்போ போடணும்?" என்று கேட்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

ஆனால் இதுதான் முதல் தடவை என்று நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது சிறுவீட்டுப் பொங்கல் விட்டாயே, நினைவிருக்கிறதா? மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து, கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப் பூச் செருகி, அந்த எருவையெல்லாம் காய வைத்துச் சேர்த்தாய். வாசல் ஓரத்தில் களிமண்ணால் சிறுவீடு கட்டி, அதற்கு வாசல் வைத்து, உள்ளே கையளவு பானையில் பொங்கினாய். அரிசி பாதி வேகவில்லை. ஆச்சி அதை வாழை இலையில் வாங்கி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அப்புறம் ஆற்றுக்குப் போய், எருவில் சூடம் கொளுத்தித் தாமிரபரணியில் விட்டோம். உன்னுடைய எரு சுழலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே நின்றது. அது போகிற வரைக்கும் நீ படித்துறையை விட்டு வரமாட்டேன் என்று நின்றாய். அந்தப் பானையைப் பொங்கவிட்ட கைதான் இது.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் பானை. நம் வெங்கலப் பானையை அனுப்பலாமா என்று அப்பா கேட்டார், வேண்டாம் என்றேன். அதன் அடி உருண்டை, உன் கண்ணாடி அடுப்பில் உட்காராது. தட்டையான அடியுள்ள, அகலம் குறைந்த உயரமான பாத்திரமாகப் பார்த்து எடு. அகலமான சட்டியில் நுரை பரந்து அப்படியே அடங்கிவிடும், விளிம்பைத் தாண்டாது. பச்சை மஞ்சள் குலையை வெளிநாட்டுக்கு எடுக்க மாட்டார்கள் என்று பார்சல்காரர் சொல்லிவிட்டார். அதற்குப் பதில் காய்ந்த விரலி மஞ்சளை நூலில் கட்டி அனுப்பியிருக்கிறேன், பாத்திரத்தின் கழுத்தில் கட்டிக்கொள். அடுப்புச் சூடு நேராகப் படாத உயரத்தில் கட்டு.

அரிசியை மூன்று தடவை களை. முதல் தண்ணீரைக் கொட்டிவிடு. இரண்டாவது தடவை களைந்த தண்ணீரை எடுத்துப் பானையில் முக்கால்வாசி ஊற்று, அரை டம்ளர் பால் சேர், அடுப்பை முழுச் சூட்டில் வை. அரிசிக் கஞ்சியும் பாலும் சேர்ந்தால்தான் அந்த நுரை வரும், வெறும் தண்ணீர் கொதிக்கும், பொங்காது. நுரை ஏறும்போது பதறி அடுப்பைக் குறைத்துவிடாதே. நீ கறைக்குப் பயப்படுகிறவள் என்று எனக்குத் தெரியும். நன்றாக வழியட்டும். கஞ்சித் தண்ணீர் வழிந்தால் அடுப்பு ஆறினதும் துடைத்துவிடலாம். ஆனால் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்தது அந்தக் கண்ணாடியில் வழியக் கூடாது, இனிப்பு கருகி ஒட்டினால் கண்ணாடியே குழி விழும். அதனால் பொங்க விடுவது வெண்பொங்கல் பானையை மட்டும். பொங்கி வழிந்ததும் அரிசியைப் போட்டுச் சூட்டைக் குறை. தேவைக்குத் தண்ணீர், உப்பு. அவ்வளவுதான். நம் வீட்டு வெண்பொங்கலில் பருப்பு, மிளகு ஒன்றும் கிடையாது என்பதை மறந்துவிடாதே, ஓட்டல் பொங்கல் வேறு.

அரிசிக்கு அலைய வேண்டாம். அங்கே பாலில் வேகவைக்கிற குட்டையான பருத்த அரிசி கடையில் பார்த்ததாகச் சொன்னாய் அல்லவா, அது போதும். நம்ம அம்பை 16 அரிசி மாதிரியே குழையும். பாசுமதி மட்டும் வேண்டாம்.

சர்க்கரைப் பொங்கலில்தான் நான் தவறினேன், அதை உன்னிடம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி முதல் தை. உன் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு 22 வயசு. முழுப் பொங்கலும் என் தலையில். சூரியன் ஏறிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்தில் அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே கருப்பட்டிப் பாகை ஊற்றிவிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் எரித்தேன். ஓலை தீர்ந்தது, அரிசி வேகவில்லை. இனிப்பு சேர்ந்துவிட்டால் அரிசி அதற்கு மேல் குழையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இலையில் வைக்கும்போது என் கை நடுங்கியது. படுக்கையில் இருந்தபடியே ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டு, "அடுத்த வருஷம் நசுக்கிப் பாத்துட்டு ஊத்து" என்று மட்டும்தான் உன் ஆச்சி சொன்னாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த மனுஷியை நான் அம்மா மாதிரி நினைக்க ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில் இருந்துதான்.

ஆகவே ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் சிறுபருப்பை லேசாக வறுத்துச் சேர்த்து, ஐந்து டம்ளர் தண்ணீரில் குழைய வேகவை. ஒரு பருக்கையை இரண்டு விரலால் நசுக்கிப் பார். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம். பார்சலில் உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது. ஒன்றரை டம்ளர் அளவு தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டு, மணல் இருக்கும். நெய் அனுப்ப முடியாது. உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கி, சின்னத் தீயில் உருக்கு. சலசலப்பு அடங்கி, அடியில் கசடு பொன் நிறமானதும் இறக்கிவிடு. ஏறக்குறைய 200 கிராம் நெய் கிடைக்கும், தாராளமாகப் போதும். புகைமணி அடிக்கும் என்றாயே, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய். சூடத்தையும் புகைமணிக்கு நேர்கீழே கொளுத்தாதே.

இப்போது காய்க்கு வருகிறேன். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். சிறுகிழங்கு, சேனை, சேம்பு, சீனிக்கிழங்கு, தடியங்காய், சீனியவரை, வாழைக்காய் என்று 15 எழுதியிருக்கிறாய். பாதி கிடைக்கவில்லை, கிடைத்தது வாடியிருக்கிறது, விலை கேட்டால் பயமாக இருக்கிறது என்றாய். உன் குரலில் அழுகை இருந்தது எனக்குக் கேட்டது.

அப்போது உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழை உனக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல் ஆச்சி வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். நெல், கருப்பட்டிப் பானை, துணி எல்லாம் போயிற்று. வாழை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. நீ சென்னையில் லீவு கிடைக்காமல் இருந்தாய், வருத்தப்படுவாயே என்று "எல்லாம் சரியாப் போச்சு" என்றேன். அந்தப் பொங்கலுக்கு நான் ஏரலுக்குப் போனேன். சேற்றில் இருந்து தோண்டி எடுத்த வெங்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள் ஆச்சி. பானை ஏற்றுகிற மண் அடுப்புக்கட்டியான பொங்கக்கட்டி கரைந்துபோனதால் அதற்குப் பதில் மூன்று செங்கல். ரேஷனில் கொடுத்த ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சீனி, ஒரு கரும்பு. கருப்பட்டி இல்லாததால் சீனியைப் போட்டுப் பொங்கினோம், வெள்ளை வெளேரென்று இருந்தது. காய் என்று பார்த்தால் ஒரு பூசணிக்கீற்று, பக்கத்து வீட்டு வேலியில் தப்பியிருந்த அவரைக்காய் ஒரு கை, நிவாரணத்தில் வந்த உருளைக்கிழங்கு. ஆச்சி விரல் விட்டு எண்ணினாள். "மூணு. ஒத்தப்படை வந்துட்டு. போதும்" என்றாள். 21 காய் போட்டு வைத்த வருஷங்களில் எப்படிக் குலவை போடுவாளோ, அதே மாதிரி போட்டாள்.

பாப்பா, நம் ஊர்ப் பொங்கலுக்குச் சிறுகிழங்கு வைப்பது ஆடி வாக்கில் நட்டதை மார்கழி, தையில் தோண்டுகிறார்கள் என்பதால்தான். அந்த மாசத்தில் மண்ணில் என்ன விளைந்ததோ அதைத்தான் சூரியனுக்கு வைக்கிறோம். உன் தெருமுனைச் சந்தையில் ஆரஞ்சு நிறத்தில் சின்னப் பூசணி காட்டினாய். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், முள்ளங்கி வாசனையில் ஏதோ வெள்ளைக் கிழங்கு எல்லாம் மண்ணோடு குவித்து வைத்திருந்தார்களே. அதிலிருந்து ஐந்தோ ஏழோ எடு. பீட்ரூட்டைக் குழம்பில் போடாதே, எல்லாம் சிவந்துவிடும், தனியாகப் பொரியல் வை. ஆறு கடல் தாண்டி வாடி வந்ததைவிட அது நல்ல படையல்.

குழம்புக்கு, அதுதான் நம் இடிசாம்பாருக்கு, இருநூறு கிராம் துவரம்பருப்பு. கொத்தமல்லி மூன்று கரண்டி, கடலைப்பருப்பு ஒரு கரண்டி, மிளகாய் வத்தல் எட்டு, அரை ஸ்பூன் வெந்தயம், காயம், ஒரு கை தேங்காய் துருவல், இவற்றைத் தனித்தனியாக வறுத்து, மிக்சியில் கொரகொரப்பாகத் திரி. தேங்காயை நிதானமாகச் சிவக்க வறு, இடிசாம்பாரின் வாசனையே அதில்தான். இலங்கைத் தமிழர் கடையில் உறைந்த துருவல் இருக்கும், ஈரம் போக முதலில் வெறும் சட்டியில் புரட்டிக்கொள். விருந்தாளிகளுக்காக வத்தலை ஐந்தாக்கு. கிழங்கு வகைகளைப் புளித்தண்ணீருக்கு முன்னால் வேகவைத்துவிடு, புளி சேர்ந்தால் வேக நேரமாகும். பூசணி கடைசியில்.

மிச்சமானதைக் கொட்டாதே. குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் சேர்த்து மறுநாள் சின்னத் தீயில் சுண்டவை. சுண்டக்கறிக்காகவே நீ மாட்டுப்பொங்கலன்று சீக்கிரம் எழுந்திருப்பாய். பழைய வெண்பொங்கலில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அதற்குச் சரியான ஜோடி.

அங்கே எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும் என்றாய். தென்கிழக்குப் பக்கம் பார்த்துக் கோலம் போடு, பால்கனியில் பனி இருந்தால் ஜன்னல் ஓரத்திலேயே போடு. குளிரில் வெறுங்காலோடு நிற்காதே.

உனக்கு எட்டு என்றால் இங்கே மணி பன்னிரண்டரை. நாங்கள் இலை போடுகிற நேரம். ஏரல் ஆச்சியையும் இந்த வருஷம் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பானையை ஏற்றியதும் வீடியோவில் கூப்பிட்டு, போனை அடுப்புக்கு எதிரில் சாய்த்து வை. நீ பொங்காமல் நாங்கள் இலையில் உட்கார மாட்டோம். உனக்குக் குலவை போட வராது என்றாயே, நுரை விளிம்பைத் தொடும்போது ஆச்சியும் நானும் இங்கிருந்து போடுகிறோம், போன் சத்தத்தை முழுசாக வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா