தூக்குப்பாலம் விளையாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தூக்குப்பாலம் விளையாட்டின் சர்வர் ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. எட்டுப் பேர் எட்டுப் போனில் ஒரே நேரத்தில் படகு விட்டாலும் விழாமல் நிற்கிறது. இது ஒற்றை ஆள் வேலை இல்லை என்பது பாம்பனில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடகடலில் இருந்து பெரிய படகை எடுத்துக்கொண்டு பாம்பன் கால்வாய் வழியாகத் தென்கடலுக்குப் போக வேண்டும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் நடுப்பகுதி மேலே ஏறும்வரை எல்லாரும் காத்துக் கிடக்க வேண்டும், ஏறினதும் யார் முந்துவது என்பதில்தான் சண்டை. பாலம் எப்போது ஏறுகிறது, யார் படகு யாரை இடித்தது, இதெல்லாம் சர்வர் சொல்ல வேண்டிய தீர்ப்பு. அதற்கு நகாமா என்கிற ஓப்பன் சோர்ஸ் சர்வரையும் கூடவே விவரங்களைச் சேமிக்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும், நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து ஓட்டுகிற டாக்கரில் போட்டு வைத்திருக்கிறோம், விளையாட்டு கோடோ என்கிற விளையாட்டு செய்யும் மென்பொருளில் செய்தது. இங்கே கிடைத்த பிராட்பேண்டில் பல வீடுகளுக்கும் சேர்த்து வெளியே ஒரே முகவரிதான், வெளியூர்க்காரர் நம் சர்வரைத் தேடி நேராக உள்ளே வர முடியாது. அதனால் இன்டர்நெட்டே இல்லாமல், ஒரே வைஃபைக்குள் ஆடுகிற மாதிரி முதலில் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

முதல் நன்றி ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு. கடையின் பின்னறையையும் அங்கே சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரையும் கொடுத்தது அவர்தான். ‘லினக்ஸோ கினக்ஸோ எதையாவது போட்டுக்க தம்பி, அந்த டி டிரைவ்ல மட்டும் கை வைக்காதே, நாலு வருசத்து பில் இருக்கு’ என்றதோடு சரி, அப்புறம் எதுவும் கேட்கவில்லை. இன்வெர்ட்டரும் அவருடையதுதான். ஒரு ராத்திரி கரண்டும் போய் இன்வெர்ட்டரும் கையை விரித்ததில் ஓடிக்கொண்டிருந்த பந்தயம் அப்படியே மறைந்துவிட்டது, ஏனென்றால் நகாமா நடக்கிற ஆட்டத்தின் நிலையை மெமரியில்தான் வைத்திருக்கும். ஆட்களின் பெயர், புள்ளி எல்லாம் போஸ்ட்கிரெஸில் பத்திரமாக இருந்தது. நாங்களாகச் செய்து பார்க்கத் துணியாத சோதனையை மின்தடை செய்து கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்வர் கிடைக்கும், கிடைக்காது, திரும்பக் கிடைக்கும். நாங்கள் நகாமாவின் வாசலான 7350 போர்ட் திறந்திருக்கிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா, டாக்கர் மறுபடி மறுபடி எழுகிறதா என்று குடைந்துகொண்டிருக்க, பக்கத்துக் கடைக்கு வந்தவர் எட்டிப் பார்த்து, ரவுட்டரில் இருந்து லேன் ஒயரை உருவி முனையை வெளிச்சத்தில் பிடித்தார். முள்ளில் பச்சைக் களிம்பு. கடற்கரையில் இருந்துகொண்டு உப்புக் காற்றை மறந்துட்டு கம்ப்யூட்டரைத் திட்டுறீங்களே என்று சிரித்துவிட்டு, பையில் இருந்த கிரிம்பிங் டூலை எடுத்து இரண்டு முனையையும் வெட்டிப் புது ஜாக் அடித்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று போய்விட்டார். அண்ணே, டீக்கடையில் உங்கள் கணக்கில் கொஞ்சம் கட்டியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

மண்டபத்து மச்சானுக்கும் நன்றி. கோடோவில் ஆண்ட்ராய்டுக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது இன்டர்நெட் பெர்மிஷனில் டிக் போடாவிட்டால் பக்கத்து அறை சர்வரைக் கூடப் போன் தொடாது என்று போனிலேயே சொன்னது அவன்தான். பேரில்தான் இன்டர்நெட், லோக்கல் வைஃபைக்கும் அதுதான் சாவி.

சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதை நான் எழுதி ஒட்டியே வைத்திருக்கிறேன்: ‘நல்லா ஓடுற லைன்ல டெஸ்ட் பண்ணி என்ன பிரயோசனம், கெடுத்துப் பாரு.’ லினக்ஸில் நெட்எம் என்று ஒன்று இருக்கிறது, லைனை வேண்டுமென்றே கெடுக்கும் வேலைக்கு. அதில் 150 மில்லிசெகண்ட் தாமதம், நூற்றுக்கு 3 பாக்கெட் (லைனில் போகிற தகவல் துண்டு) காணாமல் போக வேண்டும் என்று வைத்தோம். அதுவரை சொன்ன பேச்சைக் கேட்ட படகுகள் உறைந்து நின்று, திடீரென்று பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குதித்தன. நாங்கள் போனையும் சர்வரையும் விடாமல் இணைத்து வைக்கிற வெப்சாக்கெட்டில் ஆடுகிறோம், அது தகவலை வரிசை மாறாமல் சேர்க்கிற டிசிபி மேல் ஓடுவது. ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் வாசலில் நிற்கும். இப்போது சர்வர் செகண்டுக்கு 10 முறை நிலையை அனுப்புகிறது, போன் அதைக் கொஞ்சம் பிந்திக் காட்டி நடுவில் உள்ள இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. குதிப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் ஆட முடிகிறது. ராத்திரி டூட்டி முடித்துவிட்டுத் தூக்கத்தோடு இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னீர்களே காக்கா, நன்றி என்பது சின்னச் சொல்.

அப்புறம் விசைப்படகு அண்ணன்மார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில், ஆள் வீட்டில். இந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டதால்தான் இத்தனை போன் கிடைத்தது, அதுவும் விதவிதமான பழைய போன். ரவுட்டரில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் அந்தப் போன்களில் பாதி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிட்டன, அங்கிருந்து நம் வைஃபைக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 முகவரியை எங்கே தேடுவது? இதைக் கண்டுபிடித்தது பத்தாவது படிக்கிற தங்கச்சி. ‘டேட்டாவை அணைச்சுட்டு உள்ளே வரவும்’ என்று அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டாள், சிக்கல் தீர்ந்தது.

ஆனால் பெரிய ஓட்டையைப் பிடித்தது படகை ஓட்டுகிற ஒரு ஸ்ராங்கு அண்ணன். தன் போனையும் பக்கத்து ஆளின் போனையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர், படகு நுனியில் ஆடுகிற கொடியைக் காட்டி, ‘என்னடா இது, ஒரே கடல்ல எனக்குக் கச்சான், அவனுக்கு வாடையா?’ என்றார். இரண்டும் வேறு வேறு திசைக் காற்றின் பெயர்கள். கொடி இரண்டும் எதிரெதிராகப் பறந்தன. காற்றின் திசையை ஒவ்வொரு போனும் தனியாகக் குலுக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. எந்த லாகிலும் (நிரல் தானே எழுதி வைக்கும் குறிப்பு) இது பிழையாக வரவில்லை, வரவும் வராது, ஒவ்வொரு போனின் கணக்கும் தனியாகப் பார்த்தால் சரிதான். கடலுக்குப் போகிறவர் கண்ணுக்குத்தான் அது பட்டது. இப்போது காற்றையும் சர்வரே தீர்மானித்து எல்லாருக்கும் ஒன்றாக அனுப்புகிறது, போன் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய உதவி இதுதான் என்று கேபிள் அண்ணனும் காக்காவும் கோபிக்காமல் ஒத்துக்கொள்வார்கள்.

நகாமா, கோடோ, போஸ்ட்கிரெஸ் மூன்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வணக்கம், அவர்கள் தமிழ் படிப்பார்களோ இல்லையோ.

ஒரு புகார் மட்டும் பாக்கி இருக்கிறது. விளையாட்டில் வரும் இன்ஜின் சத்தம் டிராக்டர் மாதிரி இருக்கிறதென்று ஸ்ராங்கு அண்ணன் தினமும் சொல்கிறார். அண்ணே, தடைக்காலம் முடிந்து முதல் தடவை படகை எடுக்கும்போது என்னையும் ஒரு மைக்கையும் ஏற்றிக்கொள்ளுங்கள், மாற்றிவிடலாம்.