அப்பாவுக்கு, நீராவிக் கப்பலில் போன கதை

லுட்சேர்ன், சுவிஸ்
ஒக்டோபர், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கு நல்ல சுகம். உங்களுக்கும் அம்மாவுக்கும் தங்கச்சி குடும்பத்துக்கும் நயினை நாகபூசணி அம்மன் துணையிருக்க வேண்டும்.

போன கிழமை போனில் கப்பலைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டேன். "என்ன பிள்ளை? என்ன?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். முப்பது வருடம் தீவு லோஞ்ச் படகின் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன், எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள். இது உங்களுக்கென்றே எழுதுவது. அம்மாவுக்கு இதில் பாதி அலுப்பாக இருக்கும்.

இந்த ஊருக்கு வந்து ஏழு வருடமாகிறது. ஒவ்வொரு நாளும் ஏரிக்கரையால்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஆனாலும் நீராவிக் கப்பலில் ஏறியது இந்தப் புரட்டாதியில்தான். முந்தி டிக்கெட் விலையைப் பார்த்தால், இந்தக் காசை ஊருக்கு அனுப்பலாமே என்றுதான் மனம் சொல்லும். பிறகு ஞாயிறும் வேலை என்றாகிவிட்டது. இந்த வருடம் இருவரும் அரைவிலை அட்டை எடுத்தோம். அது இருந்தால் ரயிலைப் போலவே கப்பலுக்கும் பாதி விலைதான்.

என்னை ஏறவைத்தது ஒரு ஆச்சி. நான் சமையலறையில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கிறா, வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ஜன்னலோரம் இருந்துகொண்டு, ஏரியில் சங்கு ஊதினால் எந்தக் கப்பல் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவா. அவவின் தகப்பன் இந்தக் கப்பல்களில் பொயிலருக்குக் கரி அள்ளிப் போட்டவராம். இப்போது கரி இல்லை, எண்ணெய்தான் எரிக்கிறார்கள். அந்த மனுசன் முகம் துடைத்த லேஞ்சியை அவவின் தாய் தனிச் சட்டியில் ஊறவைப்பாவாம். மூன்று தண்ணீர் மாற்றினாலும் நாலாவது தண்ணீரும் கறுப்பாகத்தான் வருமாம். அதைக் கேட்டதும் அம்மா உங்கள் சாரத்தை எண்ணெய்க்கறை போகத் தேய்த்துத் தேய்த்துத் தோய்க்கிறது கண்ணுக்குள் வந்துவிட்டது. "என் அப்பாவும் எஞ்சின்காரர்தான்" என்றேன். ஆச்சி என் கையைப் பிடித்து, "அப்படியென்றால் நீ 'ஊரி'யில் போகத்தான் வேணும்" என்றா.

இந்த ஏரியில் இன்றைக்கும் ஐந்து நீராவிக் கப்பல்கள் ஓடுகின்றன, அப்பா. காட்சிக்குக் கட்டி வைத்தவை அல்ல, சனத்தை ஏற்றி இறக்குபவை. 'ஊரி' 1901இல் ஏரிக்கு வந்தது. 'உன்டர்வால்டன்' 1902, 'ஷில்லர்' 1906, 'கல்லியா' 1913, 'ஸ்டாட் லுட்சேர்ன்' 1928. ஐந்துக்கும் இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரம். புரோப்பல்லர் கிடையாது. உங்கள் ஐயா பிறக்க முந்தியே தண்ணீரில் இறங்கிய 'ஊரி'யில்தான் உங்கள் பேரன் ஏறி நின்றான்.

கடல்மட்டத்துக்கு 434 மீற்றர் உயரத்தில் இருக்கிற நன்னீர் ஏரி இது. 114 சதுர கிலோமீற்றர், ஆழமான இடத்தில் 214 மீற்றர். எங்கள் பரவைக் கடலில் லோஞ்சின் அடி தட்டாமல் வழி பார்த்து ஓடிய உங்களுக்கு இந்த ஆழம் எப்படித் தெரியுமோ. தண்ணீரில் உப்பு மணம் இல்லை. முதல் வருடம் முழுக்க எனக்கு அதுதான் பெரிய குறை. கரையில் நின்று மூச்சை இழுத்தால் ஒன்றும் வராது, வெறும் குளிர்தான் மூக்கில் ஏறும்.

கப்பல் கரையை விட்டதும் எல்லோரும் மலை பார்க்க மேல்தட்டுக்குப் போனார்கள். இவரும் பெடியனும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில், எஞ்சினுக்கு மேலே கூரை மூடாமல் அப்படியே திறந்து விட்டிருக்கிறார்கள். சுற்றிவரக் கம்பி. அதில் சாய்ந்துகொண்டு குனிந்தால் முழு எஞ்சினும் கண்ணுக்கு முன்னால். முதலில் வந்தது சூடு, அதோடு மணம். அப்பா, எண்ணெய்யும் சூடான இரும்பும் சேர்ந்த அந்த மணம்! உங்கள் கைலேஞ்சியின் மணம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு சிலிண்டர், சரிவாகக் கிடத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்று சிறிது, மற்றது பெரிது. நீராவி முதலில் சின்னதுக்குள் போய்த் தள்ளிவிட்டு, பலம் குறைந்த பிறகு பெரியதுக்குள் போய் மறுபடியும் தள்ளும். அதற்குப் பிறகும் அதை வெளியே விடுவதில்லை. ஏரித் தண்ணீரின் குளிரில் அதைத் திரும்பத் தண்ணீராக்கிப் பொயிலருக்கே அனுப்புகிறார்கள். நடுவில் கியர் என்று ஒன்றும் கிடையாது. சிலிண்டரிலிருந்து வரும் தண்டு ஆளின் துடைப் பருமன் இருக்கும். அது கிராங்கைச் சுற்ற, அந்த அச்சிலேயே இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். கட்டியது சுல்சர் கொம்பனி, இந்த நாட்டு வின்டர்தூரில். பெரிய கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

சத்தத்தை நினைத்துத்தான் நான் அதிசயப்பட்டேன். லோஞ்ச் எஞ்சின் போல இடிக்கிற சத்தம் இல்லை. ஒரு பெரிய மிருகம் நித்திரையில் மூச்சு விடுகிறது போல. பக்கத்தில் நிற்கிறவரோடு சாதாரணமாகக் கதைக்கலாம். இந்த எஞ்சினோடு முப்பது வருடம் நின்றிருந்தால் உங்கள் காது இன்றைக்கும் நன்றாக இருந்திருக்கும்.

இரும்பெல்லாம் வெள்ளி போல மினுக்கி, பித்தளையில் முகம் தெரிகிறது. கீழே இரண்டு பேர் வேலை. மூத்தவர் கையில் நீளமூக்கு எண்ணெய்க் கான். மேலே சுக்கான் அறையிலிருந்து மணி அடித்தால் முள் திரும்பும். மெதுவாக, நிறுத்து, பின்னுக்கு. அவர் பிடியைத் திருப்பிப் பதில் கொடுப்பார். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால் ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் சுற்றிக் கப்பலைத் திருப்ப ஏலாது. ஒவ்வொரு இறங்குதுறையிலும் கப்பலைச் சுகமாக அணைப்பது சுக்கான்காரரும் கீழே நிற்கிறவரும் சேர்ந்து செய்கிற வேலைதான்.

இப்போது சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். கிராங் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கை மாட்டினால் கதை முடிந்தது. அந்த மனுசன் தண்டின் ஓட்டத்தோடு தன் கையையும் சேர்த்து ஆட்டி, அது வரும்போது புறங்கையால் ஒரு தட்டு, போகும்போது கையை எடுத்துவிடுகிறார். திரும்பவும் ஒரு தட்டு. பேரிங் சூடாகிறதா என்று பார்க்கிறார். நீங்களும் இப்படித்தான், எஞ்சினைப் பார்க்காமலே கதைத்துக்கொண்டு புறங்கையை வைத்து எடுப்பீர்கள். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து குறிகட்டுவான் துறையில் நிற்கும்போது அதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். அது உங்கள் பழக்கம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எஞ்சின்காரர் எல்லோருக்கும் உரிய கை அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சக்கரக் கூட்டில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பெடியனைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளை நுரைக்குள் சிவப்புப் பலகைகள் சுழல்கின்றன. அவை சும்மா ஆணியடித்த பலகைகள் அல்ல, ஒவ்வொன்றையும் ஒரு கம்பி பிடித்து இழுத்து, தண்ணீருக்குள் போகும்போது நேர்குத்தாக நிறுத்துகிறது. தண்ணீரை அறையாமல் பின்னுக்குத் தள்ளுவதற்கு அந்த ஏற்பாடு.

லுட்சேர்னிலிருந்து ஏரியின் மறு அந்தமான ஃப்ளூலனுக்கு மூன்று மணித்தியாலம் வரையில் ஓட்டம். வழியில் வெக்கிஸ், விட்ஸ்நாவ், கெர்சாவ், புருன்னன் என்று துறை துறையாகத் தட்டிப் போகிறது. விட்ஸ்நாவிலிருந்து ரிகி மலைக்குப் பற்சக்கர ரயில் ஏறுகிறது, 1871இல் போட்டது, ஐரோப்பாவில் மலையேறிய முதல் ரயில் அதுதான். மலைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை, படம் அனுப்புகிறேன். புருன்னன் தாண்டியதும் ஏரி தெற்கே மடங்கி இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறையாகிவிடும். அங்கே தண்ணீரிலிருந்து எழும்பி நிற்கிற ஒரு கல்லில் ஷில்லர் என்ற ஜேர்மன் கவிஞரின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இந்த நாட்டின் வீரன் வில்லியம் தெல்லை நாடகமாக்கியவர், ஆனால் இந்த நாட்டுக்கு ஒருநாளும் வராதவர். அவர் பெயரில்தான் அந்த 1906ஆம் ஆண்டுக் கப்பல். ஒரு கவிஞருக்குக் கல்லும் கொடுத்துக் கப்பலும் கொடுத்த சனம் என்று எனக்கு மனம் நிறைந்தது. அதே கரையில் கொஞ்சம் தள்ளி ரூட்லி என்ற புல்வெளி. 1291இல் மூன்று நாட்டார் கூடிச் சத்தியம் செய்துதான் இந்தத் தேசமே தொடங்கியது என்பது இவர்கள் ஐதீகம். அங்கே காரில் போக முடியாது, கப்பலில் அல்லது நடந்து. 1940 யூலையில் கிசான் என்ற படைத்தளபதி தன் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு 'ஸ்டாட் லுட்சேர்ன்' கப்பலில் அங்கே போய், நாட்டைக் காப்போம் என்று சொன்னாராம்.

அந்தப் பக்கத்து ஏரியில் ஃபோன் என்றொரு தெற்குக் காற்று உண்டு. மலையைத் தாண்டி விழும்போது சூடாகி, குளிர்காலத்திலும் பனியை உருக்கிவிடும். கச்சான் காற்று எழும்பினால் நீங்கள் ஓட்டத்தை நிறுத்துவதுபோல இங்கும் அதற்குப் பயம்தான். கரையெல்லாம் செம்மஞ்சள் விளக்கு வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 40 தரம் மின்னினால் கவனம், 90 தரம் மின்னினால் புயல், கரைக்கு வந்துவிட வேண்டும்.

புருன்னனுக்கு அப்பால் பாறையைக் குடைந்து றோட்டுப் போட்டது 1865இல்தான். அதுவரைக்கும் ஏரியின் அந்த அந்தத்தில் இருக்கிற ஊரி நாட்டவருக்கு (கப்பலின் பெயரும் அதுதான்) லுட்சேர்ன் போக இந்த ஏரிதான் வழி. கடிதம், சாமான், நோயாளி, பிள்ளைப்பேறு எல்லாம் தண்ணீரால்தான். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பிறகு 1882இல் கொத்தார்ட் ரயில் வந்தது. அவசியத்துக்கு ஏறியவர்கள் குறைந்து, வடிவு பார்க்க ஏறுகிறவர்கள் கூடினார்கள்.

இந்தக் கப்பல்களும் சாகத்தான் இருந்தன. டீசல் கப்பல் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். 1972இல் ஏரியைச் சுற்றியுள்ள சனம் சேர்ந்து நீராவிக் கப்பல் நேயர் சங்கம் ஒன்று தொடங்கிக் காசு சேர்த்தது. 'உன்டர்வால்டன்' ஓட்டத்தை நிறுத்திக் கட்டிப்போட்ட கப்பல். அதையும் விடவில்லை, முழுக்கத் திருத்தி 1985இல் திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். ஒரு தாழ்ந்த பாலத்துக்குக் கீழால் போவதற்கு அதன் புகைக்கூண்டு உள்ளே இறங்குகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள்.

1985 என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும் என்று தெரியும். எனக்கும் நெடுந்தீவுப் படகு குமுதினிதான் வந்தது. மே 15, அதில் போன சனத்தை வெட்டிக் கொன்ற நாள். அப்படி நடந்த பிறகும் அந்தப் படகைத் திருத்தி, நெடுந்தீவுச் சனம் அதிலேயே போய் வந்தார்களே. வேறு வழி இல்லாமல் மட்டும் அல்ல, அது தங்கள் படகு என்றபடியாலும்தான் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் லோஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கரையில் விலா எலும்பு மாதிரி வங்குக் கட்டைகள் மட்டும் கிடந்தன. எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள் என்று சொன்னார்கள். நீங்கள் ஒன்றும் பேசாமல் வங்குக்கட்டை ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு எஞ்சினைப் பற்றி வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. கேட்டால், "அது பழைய கதை, அதுக்கு இப்ப ஆருக்குத் தேவை" என்பீர்கள். அப்பா, நான் சாய்ந்து நின்ற அந்தக் கம்பியைச் சுற்றி அன்றைக்கு இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, மலையைக்கூடப் பார்க்காமல், ஒரு எஞ்சின்காரரின் கையை மணித்தியாலக் கணக்காகப் பார்த்தார்கள்.

ஃப்ளூலனில் கப்பல் நின்றதும் அந்த மூத்தவர் மேலே வந்து துணியால் கை துடைத்தார். எனக்குத் தெரிந்த ஜேர்மனில், என் அப்பாவும் இலங்கையில் தீவுப் படகொன்றில் எஞ்சின் ஓட்டியவர் என்று சொன்னேன். அவருடைய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "என்ன எஞ்சின்? எத்தனை சிலிண்டர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்கள் பிள்ளைக்கு அது தெரியவில்லை, அப்பா. பச்சை நிறம் என்று மட்டும் சொன்னேன். அவர் குறைவாக ஒன்றும் நினைக்கவில்லை. பெடியனிடம் எண்ணெய்க் கானைக் கொடுத்துப் படம் எடுக்கவிட்டார். அந்தப் படம் உள்ளே இருக்கிறது.

இங்கே புகார் இறங்கத் தொடங்கிவிட்டது. எதிர்க்கரை தெரிவதில்லை. குளிர்காலத்தில் கப்பல்களைப் பட்டறையில் விட்டுக் கழற்றிப் பூட்டுவார்கள், சித்திரை வைகாசியில் திரும்ப வரும். அதற்குள் எனக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் வேண்டும். அது என்ன எஞ்சின், எத்தனை சிலிண்டர், எங்கே வாங்கியது, காலையில் எதை முதலில் திறப்பீர்கள், கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்றுவீர்கள், மழை நாளில் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள், எல்லாம் ஒழுங்காக எழுதுங்கள். முடிந்தால் ஒரு படமும் கீறுங்கள். "அம்மப்பா எப்படி ஸ்டார்ட் பண்ணுவார்?" என்று பெடியன் ஒவ்வொரு இரவும் கேட்கிறான். வசந்தத்தில் 'ஊரி' வந்ததும் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவேணும்.

அம்மாவை முழங்கால் எண்ணெயை மறக்காமல் பூசச் சொல்லுங்கள். தங்கச்சியின் கணக்குக்குக் காசு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்