கரையோரப் பாதைக்கு முதலில் வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் எங்கள் வடமேற்குக் கரையோரத்தைச் சுற்றுலாப் பாதையாக மாற்ற வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஹோட்டல், அலங்கார விளக்கு, செல்ஃபி எடுக்க மேடை என்று எல்லாம் அதில் இருந்தது. நடுவழியில் கார் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் இல்லை. நான் வாகனக் காப்புறுதித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கண் முதலில் அங்கேதான் போகும்.

மகள் அமெரிக்காவில் சான் டியாகோவில் இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது மருமகன் எங்களைக் காரில் மெக்சிகோவுக்குக் கூட்டிப் போனார். எல்லை நகரமான திஹுவானாவில் தொடங்கி பசிபிக் கரையோரமாக என்செனாடா வரை, அப்புறம் உள்பக்கம் திரும்பி குவாதலூப்பே பள்ளத்தாக்கு. மெக்சிகோவின் வைனில் பெரும்பங்கு அந்தப் பள்ளத்தாக்கில்தான் உண்டாகிறது. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அங்கே எப்படி என்று மனைவிக்குப் பயம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை.

புறப்படுவதற்கு முன் மருமகன் ஒன்லைனில் மெக்சிகோ காப்புறுதி ஒன்று எடுத்தார். அமெரிக்கக் காப்புறுதியை மெக்சிகோச் சட்டம் ஏற்காது. ஆள் காயப்பட்ட விபத்தென்றால், நட்டஈடு கட்ட வழியிருக்கிறது என்று காட்டும்வரை சாரதியைத் தடுத்து வைக்கவும் முடியும். ஒரு நாளைக்கு, இரண்டு நாளைக்கு என்று வேண்டிய அளவுக்கு எடுக்கலாம். எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடியது அன்றைக்குத்தான்.

திஹுவானாவில் வீதி கொஞ்சத் தூரம் எல்லை வேலியை ஒட்டியே ஓடுகிறது. அந்த வேலி கடற்கரையோடு நிற்காமல் அலைக்குள்ளும் இறங்கிப் போகிறது. அங்கிருந்து என்செனாடாவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர், மூன்று கட்டணச் சாவடிகள். கட்டிய பணத்துக்குத் தரும் பற்றுச்சீட்டை எறியாதீர்கள் என்றார் மருமகன். வீதியைப் பாவிக்கிறவருக்கான காப்புறுதியும் அந்தக் கட்டணத்துக்குள் அடங்குகிறதாம். ஏதாவது நடந்தால் பற்றுச்சீட்டுத்தான் அத்தாட்சி. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இங்கே யாரும் இப்படியொரு யோசனை சொல்லி நான் கேட்டதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது ‘ஏஞ்சலெஸ் வெர்தெஸ்’ என்ற பச்சை வாகனங்கள். மெக்சிகோவின் சுற்றுலா அமைச்சு நடத்தும் சேவை அது, 1960இலிருந்து இருக்கிறது. 078ஐ அழுத்தினால் மெக்கானிக் வருவார். உதவி இலவசம், உதிரிப்பாகத்துக்கும் எரிபொருளுக்கும் மட்டும் காசு.

ஆபத்தில்லாத வீதி என்று நினைத்துவிடாதீர்கள். 2013 டிசம்பர் 28 அதிகாலை என்செனாடாவுக்குக் கிட்ட அந்த வீதியின் ஒரு துண்டு அப்படியே கடல் பக்கம் சரிந்து விழுந்தது. நிலம் அசைவதைக் கவனித்து முன்னரே போக்குவரத்தை நிறுத்தியிருந்தபடியால் ஒரு உயிரும் போகவில்லை. திருத்தித் திறக்க ஒரு வருடம் எடுத்தது. அதுவரை வாகனங்கள் கட்டணமில்லாத பழைய வீதியால் சுற்றிப் போயின. வெடிப்பைக் கண்டவுடன் வீதியை மூடுகிற துணிவு ஒரு அதிகாரிக்கு இருந்ததே, அதுதான் பெரிய விஷயம்.

வழியில் புவேர்த்தோ நுவேவோ என்ற மீனவக் கிராமத்தில் சாப்பிட்டோம். சிங்கி இறாலை இரண்டாகப் பிளந்து பொரித்து, அவரைக் கூழ், சோறு, கோதுமை ரொட்டியோடு தருகிறார்கள். மீனவர் வீட்டுக் குசினிகளில் தொடங்கிய வியாபாரம், இன்று ஊர் முழுக்கச் சாப்பாட்டுக் கடை. மனைவிக்கு உறைப்புப் போதவில்லை.

பள்ளத்தாக்கில் மருமகன் ஒரு மிடறும் தொடவில்லை, ஸ்டியரிங் அவர் கையில். அவருடைய பங்கையும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டேன். காலையில் கடல் பக்கமிருந்து குளிர்ந்த மூடுபனி வரும், மத்தியானம் நல்ல வெயில். அந்த மாற்றம் திராட்சைக்கு ஒத்துக்கொள்கிறது. 1905 அளவில் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய மொலோக்கான் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் அங்கே திராட்சை வளர்த்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் மதுவை விலக்கியவர்கள்! யாழ்ப்பாணத்தில் எங்கள் தொலகட்டி செபமாலைத் தாசர் மடத்துத் துறவிகளின் வைன் உடனே நினைவுக்கு வந்தது.

ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், இதற்குக் கிட்டிய பாதை ஒன்று எங்களிடமும் இருக்கிறது. மன்னாரிலிருந்து இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், நாவற்குழி என்று போகும் ஏ32 வீதி. இந்தியக் கரையைப் பார்த்தபடி இருக்கும் மன்னார் ஒரு முனை. மறுமுனையைத் தாண்டினால் கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கம் திராட்சைப் பந்தல்கள். ‘இஸ்ரேல் புளூ’ இனத்தைக் கத்தரித்துவிட்டால் வருடத்துக்கு இரண்டு முறை காய்க்கும். குவாதலூப்பேயில் ஒருமுறைதான். ஆனால் அங்கே நிலத்தடி நீர் இழுபறி இப்போதே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை நம்பி ஹோட்டல் கட்ட நினைப்பவர்கள் அதையும் விசாரிப்பது நல்லது.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு கொழும்பிலிருந்து போகிற எங்களைப் போன்றவர்களும் மன்னாரைப் பார்த்துவிட்டு அந்த வழியால் யாழ்ப்பாணம் போகிறோம். பாலத்தின் மேலேயே வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், பின்னால் லொறி வருவது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இருட்டினால் வீதி முழுக்க மாடு. நோயாளியை ஏற்ற 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் இருக்கிறது, அதிவேக நெடுஞ்சாலையில் சிக்கினால் 1969 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. ஏ32இல் பெல்ட் அறுந்தால் வழியில் போகிற உழவு இயந்திரக்காரரின் நல்ல மனம்தான் துணை.

அங்கே என்செனாடாவுக்கு முன்னால் மலை விளிம்பில், வீதியை விட்டு விலகி, வாகனம் நிறுத்திக் கடல் பார்க்க ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படிப் பாலத்தின் இரு கரையிலும் ஒவ்வொன்று, கழிப்பறையோடு வேண்டும். பக்கத்தில் பூநகரிப் பெண்கள் நண்டும் கருவாடும் விற்கக் கொட்டில் போட்டுக் கொடுக்கலாம். மன்னாரிலும் பூநகரியிலும் பகலில் ஒவ்வொரு திருத்தல் வாகனம் நிற்கட்டும். அதன் தொலைபேசி இலக்கத்தைக் கிலோமீற்றர் கற்களுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதிவிடுங்கள். செல்ஃபி மேடையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்புறுதி உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.