1.6 என்று சொன்னாயே அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். வடக்குத் தென்னையில் காய் குறைந்துவிட்டது. ஒரு மழை பெய்தால் சோளம் விதைக்கலாம். அதெல்லாம் இருக்கட்டும்.

நோம்பிக்கு வந்தபோது கம்பெனி பேலன்ஸ் ஷீட்டைக் காட்டினாய். "கரண்ட் ரேஷியோ 1.6 இருக்குதுங்கப்பா, பேங்க்ல கேக்கறதே 1.33 தானுங்க" என்றாய். கணக்கைப் பிடித்துப் பேச நம் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்ததால் மேலே எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதமாக உன் போனும் இல்லை.

ஒரு வருஷத்துக்குள் காசாகக்கூடியது 84 லட்சம், ஒரு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டியது 52 லட்சம். வகுத்தால் 1.6, சரிதான். ஆனால் அந்த 84-க்குள் என்னென்ன இருக்கிறது? ஆர்டர் கேன்சலாகி குடோனில் கிடக்கும் டி-ஷர்ட் 17 லட்சம், அடக்க விலைக்கே எழுதியிருக்கிறது. கிலோ கணக்கில் எடுப்பவரிடம் போட்டால் என்ன தேறும் என்று உனக்கே தெரியும். எட்டு மாதமாக இழுத்தடிக்கும் பார்ட்டியின் பாக்கி 11 லட்சம். 90 நாள் தாண்டின பாக்கியை பேங்க்கில் பெரும்பாலும் டிராயிங் பவருக்கே, அதாவது சரக்கையும் பாக்கியையும் வைத்து எடுக்கவிடும் தொகைக்கே, சேர்ப்பதில்லை. நீ ஏன் சேர்த்து நம்பினாய்? இரண்டையும் தள்ளினால் 56. மெஷின் லோனுக்கு இந்த வருஷம் கட்டவேண்டிய தவணை 7 லட்சம், அது நீண்டகாலக் கடனோடேயே நிற்கிறது. அதையும் இந்த வருஷம் கொடுக்கவேண்டிய 52-ஓடு சேர். 56-ஐ 59-ஆல் வகுத்துப் பார். ஒன்றுகூட வரவில்லை. பி.காம் படித்த பிள்ளை இதை விடலாமா?

நூலுக்கு 30 நாளில் பணம் கொடுக்கவேண்டும், சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. வருகிற பணத்துக்கோ 90 நாள். மார்ச் 31 கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சனிக்கிழமைக்கு உதவாது. பழைய பாக்கியைத் தனியாக எழுது அம்மணி.

உங்கம்மா உன் கையில் கண்ணாடி வளையலைப் பார்த்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

தறி ஓட்டியபோது நானும் இதையேதான் செய்தேன். நெய்து விலை போகாமல் மூன்று வருஷமாகக் கிடந்த காடாத் துணியை அடக்க விலைக்கே பேங்க்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் எழுதினேன். ரேஷியோ நன்றாகத்தான் இருந்தது, கடன் லிமிட்டையும் கூட்டிக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் நூல்காரர் வாசலில் வந்து நின்றபோது கையில் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் கெணத்துக்காட்டை உன் கல்யாணத்துக்கு விற்றதாக ஊருக்குச் சொன்னேன், உங்கம்மாவுக்கும் அப்படியே சொன்னேன். முக்கால்வாசி நூல் கடனுக்குப் போனது. உன் கல்யாணத்தால்தான் நிலம் போயிற்று என்று இத்தனை வருஷமும் நீ நினைத்திருப்பாய். அதனால்தான் இப்போது என்னிடம் கேட்கத் தயங்குகிறாயோ என்று படுகிறது. உன்னால் போகவில்லை சாமி, என்னால் போனது. உங்கம்மாவிடம் நேற்று ராத்திரிதான் சொன்னேன். அவள் இன்னும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பழைய பாக்கியைத் தேதிவாரியாகத் தனித்தாளில் எழுதி வை. குடோன் சாவியையும் எடுத்து வை. மாப்பிள்ளையும் கூட உட்காரட்டும், நான் கோபமாக ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா