நீச்சல் குளம் நடத்துவோருக்கும் பயிற்சியாளர்களுக்கும்: ஆண்களின் நீச்சல் உடை அளவு பற்றி ஒரு திறந்த மடல்

சென்னையிலும் மற்ற ஊர்களிலும் நீச்சல் குளங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே பயிற்சி தரும் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் பிறந்தால் உங்கள் குளங்களில் கூட்டம் நெரியும். பிள்ளைகளுக்கான சம்மர் கேம்ப் ஒரு பக்கம். மறுபக்கம், முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் டாக்டர் நீந்தச் சொன்னார் என்று வரும் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள். இந்த மடல் அவர்களுக்காக. லேன் கயிற்றுக்குள் இறங்கி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் லேப் அடிக்க வேண்டும் என்ற முடிவோடுதான் அவர்கள் வருகிறார்கள். ஆனால் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறது, கால் கீழே போகிறது, தொடை உரசிப் புண்ணாகிறது என்பார்கள். இவற்றில் ஒரு பங்கு இடுப்பில் இருக்கும் உடையால் வருவது என்று பல வருடக் காலை பேட்ச் அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் அறிவிப்புப் பலகைகளில் "நீச்சல் உடை கட்டாயம், காட்டன் உடைக்கு அனுமதி இல்லை" என்று எழுதியிருக்கிறது. சரியான விதி. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அதன் நூல்பிசிறு ஃபில்டரில் போய் அடைக்கும். ஆனால் பலகை அதோடு முடிந்துவிடுகிறது. எந்த வகை, எந்த அளவு, எப்படி அளப்பது என்று ஒரு வரி கிடையாது. புதிதாக வருபவர் கவுன்டரில் கேட்டால், "எக்ஸ்எல் எடுத்துக்கோங்க சார், நாடா இருக்குல்ல, இறுக்கிக் கட்டிக்கலாம்" என்று ஒரு பாலிதீன் பையை நீட்டுகிறார்கள். பிரித்தால் திருப்பி வாங்க மாட்டார்கள். அவரும் சற்றுத் தாராளமாக இருந்தால் நல்லதுதானே என்று வாங்கிக்கொள்கிறார்.

லேப் நீச்சலில் அந்தத் தாராளம்தான் தொல்லை. தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. உடம்புக்கும் துணிக்கும் நடுவே இடம் இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து துணியைப் பை போல உப்ப வைக்கும். 25 மீட்டர் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறவர் 40 முறை சுவரை உதைத்துப் புறப்படுகிறார். ஒவ்வொரு உதையிலும் இடுப்புப் பட்டிக்குள் தண்ணீர் பாய்ந்து டிரங்க்ஸைக் கீழே தள்ளும். அதைப் பிடித்து மேலே இழுப்பதற்காகக் கையை வீசுவதை நிறுத்துகிறார். கை நின்றால் இடுப்பு இறங்குகிறது. இடுப்பு இறங்கினால் கால் தொங்குகிறது. ஆண்களுக்குப் பொதுவாகவே கால் பகுதி எளிதில் தாழும். அதில் இந்தச் சுமையும் சேர்ந்தால், "சார், காலை மேல தூக்குங்க" என்று நீங்கள் கரையிலிருந்து எவ்வளவு கத்தினாலும் பலன் குறைவு.

நாடா இதற்குத் தீர்வல்ல. அளவு சரியாக உள்ள உடை நாடாவைக் கட்டாமலேயே இடுப்பில் நிற்க வேண்டும். சுவரை உதைக்கும் நொடியில் வரும் கூடுதல் இழுப்பைத் தாங்கத்தான் நாடா. அதை இறுக்கினால் பட்டி மட்டும் சுருங்கும். பின்பக்கமும் தொடையும் முன்பிருந்த அதே தளர்ச்சியில்தான் இருக்கும்.

சரி, அளவு ஏன் தவறுகிறது? பெரும்பாலும் தொப்பைதான் காரணம். நம் ஆண்களில் பலருக்குக் கை, கால், இடுப்பு எல்லாம் சராசரியாகத்தான் இருக்கும். வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும். தொப்புள் மேல் இஞ்ச் டேப்பைச் சுற்றினால் 40 அங்குலம் காட்டும். ஆனால் நீச்சல் உடையின் பட்டி தொப்புளில் நிற்பதில்லை, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டி நிற்கிறது. அங்கே அளந்தால் அவருக்கு 36 வரலாம். 40 என்று நம்பி வாங்கியவருக்குப் பின்பக்கம் தொளதொளவென்று தொங்காமல் என்ன செய்யும்? எனவே டேப்பைப் பட்டி உட்காரப்போகும் இடத்தில், மூச்சை உள்ளே இழுக்காமல், இயல்பாக நின்று சுற்ற வேண்டும். பின்பக்கம் அதிகம் பருத்திருக்கும் இடத்தில் இரண்டாவது அளவு. தொடையையும் மூடி ஒட்டி நிற்கும் ஜாமர் வாங்குவதென்றால் தொடையின் மேற்பகுதியில் மூன்றாவது.

பேன்ட் சைஸைச் சொல்லி வாங்குவதும் நம்பத்தக்க வழியல்ல. 34 என்று லேபிள் ஒட்டிய ரெடிமேட் பேன்ட்டை மேசையில் விரித்து அளந்து பாருங்கள். ஓரிரு அங்குலம் கூடுதலாக இருப்பது சகஜம். நீச்சல் உடையிலோ ஒரு கம்பெனி அங்குலத்தில் அளவு போடுகிறது, இன்னொன்று சென்டிமீட்டரில், வேறொன்று எஸ், எம், எல் என்று. ஒன்றின் எல் மற்றொன்றின் எம் ஆக இருக்கும். ஆகவே எழுத்தை விட்டுவிட்டு அந்தந்தக் கம்பெனியின் அளவு அட்டவணையில் தன் உடம்பின் அளவு எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. நம் குளங்களில் பல ஆண்கள் டிரங்க்ஸுக்குள் ஜட்டியும் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். வெட்கம்தான் காரணம், அந்த வெட்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பருத்தி ஜட்டி மடிந்து சுருண்டு தொடை இடுக்கில் அறுக்கும். ஜட்டியின் தடிப்பையும் சேர்த்து உடை இறுக்கமாகத் தோன்றுவதால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். ஜட்டிக்கு மேலே அது சரியாக இருப்பது போலக் காட்டும். தண்ணீருக்குள் இரண்டும் தனித்தனியே ஆடும். போதாக்குறைக்கு, நனைந்த ஜட்டியோடு பைக்கில் வீட்டுக்குப் போனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் படர்தாமரை வந்து சேரும். நல்ல நீச்சல் உடையின் முன்பக்கத்தில் உள் துணி தைத்தே வரும். உள்ளே வேறெதுவும் வேண்டியதில்லை. இதை மாஸ்டர்கள்தான் புதியவரைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்ல வேண்டும். பலகையில் எழுதுவதைவிட நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்.

அந்த வெட்கத்துக்கு நல்ல விடை ஜாமர். இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல் வரை உடம்போடு ஒட்டி நிற்கும் உடை அது. வி வடிவ டிரங்க்ஸைப் போடக் கூசுகிறவர்கள், வழியின்றி முழங்காலைத் தாண்டும் தளர்வான பெர்முடாவுக்குப் போகிறார்கள். கடற்கரைக்கு அது பொருத்தம். பாக்கெட்டும் வலைத்துணியும் வைத்த அந்தப் பெர்முடாவோடு லேப் அடிப்பது வீண் பாடு. ஆனால் சில குளங்களில் காவலர்கள் ஜாமரையும் "ஷார்ட்ஸ்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். உலக நீச்சல் அமைப்பின் போட்டி விதியே, 2010 ஜனவரி முதல், ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலே ஏறக்கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. ஒலிம்பிக்கில் செல்லும் உடை நம் தெருமுனைக் குளத்தில் செல்லாமல் போவது நியாயமல்ல. தயவுசெய்து வாசலில் நிற்பவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

போட்டி என்றதும் எதிர்ப்பக்கத் தவறையும் பேசியாக வேண்டும். "ஒரு சைஸ் சின்னதா வாங்கு, அப்பதான் வேகம் வரும்" என்று சில மாஸ்டர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பந்தய உடைக்கான பேச்சு. உடையால் வேகம் மாறும் என்பது உண்மையே. 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள் விழுந்தன. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை உடைகள் கோலோச்சிய அந்தப் போட்டிக்குப் பிறகுதான் அவற்றைத் தடைசெய்து, நெய்த துணி மட்டுமே என்ற விதி வந்தது. பந்தய உடையைப் போடவே கால் மணி நேரம் போராடுவார்கள். சில நிமிடப் பந்தயத்துக்காக அந்த இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். தினமும் முக்கால் மணி நேரம் நீந்துகிற ஐம்பது வயதுக்காரருக்கு அது தண்டனை. பட்டி வயிற்றில் அழுந்தினால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாது. தொடை ஓரம் அறுத்தால், பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் காலை அகட்டி உதைக்கும்போது உடை முழுவதும் கீழே இழுபடும்.

பயிற்சிக்கான உடை சரியான அளவா என்று அறிய நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான். உலர்ந்த நிலையில் போட்டுப் பார்க்கும்போது சற்று இறுக்கமாக, ஆனால் வலியில்லாமல் இருக்க வேண்டும். நனைந்தால் நைலான் துணி கொஞ்சம் இளகும். இடுப்பின் பக்கவாட்டில் துணியைக் கிள்ளினால் தளர்ந்த மடிப்பு கையில் வரக்கூடாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி எம்ப வேண்டும், பிறகு முழுதாகக் குந்த வேண்டும். குந்தும்போது முதுகுப் பக்கம் பட்டி வாயைத் திறந்தால் பெரிது, பட்டி கீழே இறங்கி இடுக்கில் இழுத்தால் சிறிது. ஜாமரின் ஓரம் தொடையை விட்டு விலகி நின்றால் பெரிது. சுருண்டு மேலே ஏறினால் சிறிது. கழற்றியதும் தோலில் லேசான தடம் இருக்கலாம். மரத்துப்போனாலோ, சிவந்து தடித்துப்போனாலோ அடுத்த சைஸுக்குப் போக வேண்டும்.

இரண்டு சைஸுக்கு நடுவே நிற்பவர்களுக்குத் துணிதான் வழி சொல்லும். நைலானும் லைக்ராவும் கலந்தது நன்றாக நீளும், போகப்போகத் தளரும். அதில் சிறியதை எடுக்கலாம். பாலியெஸ்டரும் பிபிடி என்ற இன்னொரு பாலியெஸ்டர் வகை இழையும் கலந்தது குளோரினைப் பல மாதங்கள் தாங்கும், அதே சமயம் அவ்வளவாக நீளாது. அதில் பெரியதை எடுப்பது நல்லது, குறிப்பாகத் தொடை பருத்தவர்கள். வாரத்தில் பெரும்பாலான நாள் குளத்துக்கு வருகிறவர் இந்த இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும் என்பேன். லைக்ராவைக் குளோரின் அரித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் சரியான அளவாக இருந்த உடை இன்று ஒரு சைஸ் பெரிதாகியிருக்கும். பின்பக்கத் துணி மெலிந்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தினால் கூடுதல் காலம் உழைக்கும். வாஷிங் மெஷினும் வெந்நீரும் அதற்கு ஆகாது.

"தளர்வாக இருந்தால் எதிர்ப்பு கூடும், நல்ல உடற்பயிற்சிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வேகமாக நீந்தும் வீரர்கள், எதிர்ப்பைக் கூட்டவென்றே செய்த இழுவை ஷார்ட்ஸ் போட்டுப் பயிற்சி செய்வது உண்மைதான். ஆனால் அதை அவர்கள் சரியான அளவு டிரங்க்ஸுக்கு மேலேதான் போடுகிறார்கள். தண்ணீரில் உடம்பைக் கிடையாக வைக்க முன்பே பழகியவர்கள் அவர்கள். அந்தக் கிடைநிலையே இன்னும் கைகூடாதவருக்கு இந்தச் சுமை பழக்கத்தைக் கெடுக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. கவுன்டரில் ஒரு இஞ்ச் டேப்பும், நீங்கள் விற்கும் உடைகளின் அளவு அட்டவணையும் தொங்கட்டும். நனையாத உடையைச் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். சரியான அளவு கையிருப்பில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். எக்ஸ்எல்லை நீட்ட வேண்டாம். வயதில் மூத்தவர்களுக்கு முதல் வகுப்பில் மூச்சுவிடுவதைச் சொல்லித் தருவதற்கு முன், ஐந்து நிமிடம் உடையைப் பற்றிப் பேசுங்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சென்னை மாநகராட்சியும் இதில் முன்னால் நிற்க முடியும். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகத்திலும், மெரினா குளத்திலும், "காட்டன் கூடாது" என்ற வரிக்குக் கீழே இந்த வரிகளைச் சேர்த்தால் மற்ற குளங்களும் பின்பற்றும்:

"முழங்காலுக்கு மேல் நிற்கும், உடம்போடு ஒட்டிய ஜாமர் அணியலாம். உள்ளே ஜட்டி வேண்டாம். இடுப்பளவைத் தொப்புளில் எடுக்காமல், பட்டி நிற்கும் இடத்தில் எடுங்கள். டேப் கவுன்டரில் உள்ளது."

நன்றியுடன்,
காலை பேட்ச் நீச்சல்காரர் ஒருவர்